எதிராளிக்கு முதல் பக்கம்

'பள்ளிகளில் செல்போனைத் தடை செய்ய வேண்டும். இதை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?' ஆங்கில வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். வரும் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: இந்த நவீன உலகில் செல்போன் இன்றியமையாத பங்கு வகிக்கிறது. அடுத்த பத்தி முழுக்க நன்மைகள். அதற்கடுத்த பத்தி முழுக்கத் தீமைகள். கடைசியில், நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, அளவோடு பயன்படுத்தினால் நலம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைத் தெரிந்த ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருப்பார்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கலாம். எல்லாம் இருக்கும், தடை வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும் இருக்காது.

இதற்குப் பழியைப் பிள்ளைகளின் ஆங்கிலத்தின் மேல் போடுவது வழக்கம். அதே கேள்வியைத் தமிழில் கொடுத்தாலும் இதே கட்டுரைதான் வரும். கோளாறு, எழுதத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு முன்னால் கட்டம் போட்டுக் குறிப்புச் சட்டகம் எழுதப் பழகியவர்கள் நாம். முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், முடிவுரை. பல நேரங்களில் உட்தலைப்புகளையும் வினாத்தாளே கொடுத்துவிடும். மழைநீர் சேகரிப்புக்கும், நான் விரும்பும் தலைவருக்கும் இது போதும். அங்கே செய்திகளை ஒழுங்காக அடுக்கினால் வேலை முடிந்தது. வாதக் கட்டுரைக்கு இதே சட்டகத்தைக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். 'நன்மைகள்' என்ற தலைப்பில் யாருடைய கருத்தும் இல்லை. தடை வேண்டும் என்பவரும் அந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்பவரும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு அணிக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிற ஒரு திட்டத்தால் எந்த அணிக்கும் பயனில்லை.

எனவே வாதக் கட்டுரையின் திட்டத்தைத் தலைப்புகளாக எழுதக் கூடாது, முழு வாக்கியங்களாக எழுத வேண்டும் என்பது முதல் பேச்சு. அந்த வாக்கியங்களில் முதலாவது எதிராளியுடையதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. பல பாடநூல்களும் பயிற்சி மையங்களும் எதிர்வாதத்தைக் கட்டுரையின் வால்பகுதியில், முடிவுரைக்கு முந்தைய பத்தியில், ஒரு சம்பிரதாயமாக வைக்கச் சொல்கின்றன. எழுதும்போது அதை எங்கே வைத்தாலும் சரி; யோசிக்கும்போது அதற்குத்தான் முதல் இடம்.

வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதும் நம்மூர் செவிலியர்களும் பட்டதாரிகளும் இதை நன்றாக அறிவார்கள். எழுத்துத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், இரண்டு பணிகள். இரண்டாவது பணி, பெரும்பாலும் இப்படி ஒரு கருத்தைச் சொல்லி நம் நிலைப்பாட்டைக் கேட்கும் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள், அதற்கு 40 நிமிடங்களை ஒதுக்கச் சொல்கிறார்கள். முதல் பணியைப்போல இரண்டு மடங்கு மதிப்பு இதற்கு. திருத்துபவர் நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறார்: கேட்டதற்கு விடை சொன்னீர்களா, கருத்துகள் கோவையாக ஓடுகின்றனவா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. அதாவது மதிப்பெண்ணில் பாதி, முதல் இரண்டிலேயே இருக்கிறது. அந்த இரண்டும் பெருமளவு திட்டத்தில் தீர்மானமாகிவிடுபவை. ஆனால் நம் தயாரிப்பு நேரம் முழுவதும் மற்ற பாதிக்கே போகிறது. கடினச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. ஆங்கில மொழித் தேர்விலும் மூன்று கட்டுரைகளில் ஒன்று வாதக் கட்டுரைதான்; அதற்கும் பரிந்துரைக்கப்படும் நேரம் 40 நிமிடம். இந்தத் தேர்வுகளில் கிறுக்கிப் பார்த்த திட்டத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. அதனால்தான் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, செல்போன் கேள்விக்கே வருவோம். பேனாவை எடுப்பதற்கு முன் கேள்வியைக் கொஞ்சம் குடைய வேண்டும். பள்ளி என்றால் எந்த வகுப்பு வரை? தடை என்றால் வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாதா, வகுப்பு நேரத்தில் மட்டும் கூடாதா? தடை செய்வது யார், அரசா, பள்ளியா? இவை வீண் கேள்விகள் இல்லை. 2018-இல் பிரான்ஸ் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் அது தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும்தான், ஏறத்தாழ பதினைந்து வயது வரை. அதற்கு மேற்பட்ட பள்ளிகள் தங்கள் விதிகளில் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டம் விட்டது. நெதர்லாந்து 2024 ஜனவரியில் உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளிலிருந்து செல்போனை விலக்கியபோது, அதைச் சட்டமாகச் செய்யாமல் பள்ளிகளோடு பேசி ஒப்பந்தமாகச் செய்தது. 'தடை' என்ற ஒரே சொல்லின் கீழ் இத்தனை விதமான ஏற்பாடுகள். எந்தத் தடையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாதவரை அதை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.

இனி எதிராளி. நான் தடையை ஆதரிப்பதாக வைத்துக்கொள்வோம். தடை கூடாது என்பவர் என்ன சொல்வார்? இங்கே மாணவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள்: எளிதில் அடித்து வீழ்த்தக்கூடிய எதிராளியாகப் பார்த்து அழைத்து வருவார்கள். 'சிலர் செல்போன் பொழுதுபோக்குக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் பள்ளி பொழுதுபோக்குக்கு இல்லை.' முடிந்தது கதை. உண்மையில் யாரும் அப்படி வாதாடுவதில்லை. பெண் பிள்ளையைப் பேருந்தில் அனுப்பிவிட்டு மாலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும் ஒரு தாயை அழைத்து வாருங்கள். அல்லது 2020, 2021-ஐ நினைவுபடுத்தும் ஓர் ஆசிரியரை. பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது செல்போன்தான் பள்ளி. அது இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்த நாட்களில் பாடமே இல்லை. நேற்று அதை வாங்கித் தரச் சொன்னீர்கள், இன்று அதைத் திருட்டுப் பொருள்போல் பிடுங்குகிறீர்கள் என்று அவர் கேட்டால் எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட எதிராளிதான் நமக்கு வேண்டும்.

அவர் கையில் ஆய்வும் இருக்கலாம். லூயி பிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி என்ற இரு பொருளியலாளர்கள் இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் ஆய்விதழில் வெளியான அவர்களின் முடிவு, தடை வந்தபின் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன என்பது. தடையை ஆதரிப்பவர் இதைக் கண்டதும் துள்ளிக் குதித்து இங்கேயே நின்றுவிடுவார். எதிராளி நிற்க மாட்டார். சுவீடனில் அதே வகையில் ஆராய்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில் தடையால் மதிப்பெண்ணில் மாற்றம் எதையும் காணவில்லை என்பதை எடுத்து மேசையில் வைப்பார்.

இந்த இடத்தில் ஒரு மாணவர் என்ன செய்கிறார் என்பதில்தான் கட்டுரையின் தரம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சுவீடனை மறைத்துவிடுவார்கள். வழக்கறிஞருக்கு அது பொருந்தலாம்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கே இருக்கிறார், அவர் சொல்லிக்கொள்வார். கட்டுரையில் இன்னொருவர் எழுந்து பேசப் போவதில்லை. சுவீடனை மேசையிலேயே வைத்துக்கொண்டு இங்கிலாந்து ஆய்வைத் திரும்பப் படித்தால், முதல் வாசிப்பில் தப்பிய ஒன்று கண்ணில் படும். அங்கே உயர்வு எல்லோருக்கும் வரவில்லை. படிப்பில் மிகப் பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகம் வந்தது. முன்வரிசை மாணவர்களுக்குத் தடையால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இப்போது என் நிலைப்பாடு மாறுகிறது. 'தடை செய்தால் மதிப்பெண் கூடும்' என்று இனி எழுத முடியாது. 'தடையால் எல்லோருடைய மதிப்பெண்ணும் கூடும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் கவனம் சிதறினால் மீள வழியில்லாத மாணவருக்கு அது உதவக்கூடும் என்பதால், வகுப்பு நேரத்தில் செல்போனை விலக்குவது நியாயம்' என்று எழுதலாம். முதல் வாக்கியம் எந்தத் தாளிலும் இருக்கும். இரண்டாவது வாக்கியத்தை எனக்கு எழுதிக் கொடுத்தவர் எதிராளி.

தேர்வு அறையில் ஆய்வுகளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். போக வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். வினாவே, சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் எடுத்துக்காட்டுத் தரச் சொல்கிறது. மாலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும் தாய் போதும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: 'ஓர் ஆய்வின்படி 85 சதவீத மாணவர்கள்' என்று அந்த நிமிடத்தில் ஓர் ஆய்வைப் பெற்றெடுப்பது. திருத்துபவர்கள் இந்த 85 சதவீதத்தை ஏராளமாகப் பார்த்தவர்கள்.

நம் மரபுக்கு இந்த முறை புதிதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்தத்தை நிறுவ சிவஞான சித்தியாரை எழுதினார். அந்த நூலில் இரண்டு பகுதிகள்: பரபக்கம், சுபக்கம். பரபக்கம்தான் முதலில். உலகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு மாற்றுக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கொள்கைக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லிவிட்டு, பிறகு மறுக்கிறார். தன் கொள்கை அதன் பின்னால்தான் வருகிறது. நீலகேசியை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் அது. குண்டலகேசியின் பெரும்பகுதி அழிந்து, இன்று மிஞ்சியவை சில பாடல்களே. அந்நூலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, அதை மறுக்க வந்த நீலகேசியாலும் அதன் உரையாலும் கிடைத்தது. மறுப்பவர் எதிராளியை எவ்வளவு விரிவாகக் கேட்டிருக்க வேண்டும்!

பட்டிமன்றமும் இருக்கிறதே என்பீர்கள். குன்றக்குடி அடிகளார் காலத்திலிருந்து சாலமன் பாப்பையா காலம் வரை தமிழர்கள் வாதத்தைக் காசு கொடுக்காமலே கேட்டு ரசித்த இடம் அது. ஆனால் அங்கே அணி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பேச்சாளர் தன் அணியைவிட்டு நகர முடியாது, நகரவும் கூடாது. எதிரணியின் நல்ல வாதத்தை எடைபோடும் வேலை நடுவருக்கு. கட்டுரை எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு அணியும் அவரே, நடுவரும் அவரே. பட்டிமன்றப் பேச்சில் கைதேர்ந்த மாணவர்கள் சிலர் வாதக் கட்டுரையில் சறுக்குவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கைதட்டல் வாங்கும் வரிகள் வரும். ஒரு வரி அடுத்த வரிக்கு எப்படி வந்தது என்பது வராது.

அந்த 'எப்படி வந்தது' என்பதைத்தான் ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1958-இல் வெளியான தன் நூலில் ஆராய்ந்தார். அமெரிக்கக் கல்லூரிகளின் கட்டுரை வகுப்புகள் பின்னாளில் அவர் முறையை எடுத்துக்கொண்டன. ஒரு வாதத்தில் கூற்று இருக்கும், அதற்கு ஆதாரம் இருக்கும்; இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் எண்ணம் பாலமாக இருக்கும் என்பது அவர் கருத்து. 'செல்போன் கவனத்தைச் சிதறடிக்கிறது, ஆகவே தடை செய்ய வேண்டும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒளிந்திருப்பது என்ன? கவனத்தைச் சிதறடிக்கிற எதையும் பள்ளி தடுக்கலாம் என்பது. அப்படியானால் ஜன்னலை மூட வேண்டும். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை விட வேண்டும். முன் பெஞ்சில் திரும்பிப் பார்க்கும் நண்பனை என்ன செய்வது? பாலம் இவ்வளவு பேரைத் தாங்காது. அதைக் குறுக்கிக் கட்ட வேண்டும்: பிள்ளையை மீண்டும் மீண்டும் அழைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு கருவியை, தன்னைத்தானே கட்டுப்படுத்தப் பழகாத வயதில், பாடவேளையில் பள்ளி தள்ளி வைக்கலாம். ஜன்னலும் நண்பனும் இப்போது பிழைத்துக்கொள்வார்கள். 'எந்த வயது வரை' என்ற பழைய கேள்விக்கும் விடை தானாகவே உள்ளே வந்துவிட்டது.

மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் பகுதியைப் படித்தவர்களுக்கு இது பழகிய இடமாகத் தெரியும். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது கூற்று. புகை தெரிவது ஏது, அதாவது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கும் அடுக்களை திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அடுக்களை அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற பொதுவிதியைச் சுமந்து வருகிறது. நம் மாணவர் கட்டுரைகளில் எடுத்துக்காட்டுகள் எதையும் சுமக்காமல் நிற்பதைப் பார்க்கும்போது இந்த அடுக்களைதான் நினைவுக்கு வருகிறது. அதே பகுதி போலி வாதங்களையும் வகைப்படுத்துகிறது. தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலேயே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவது அவற்றில் ஒன்று. எங்கள் பள்ளியில் செல்போனைத் தடுத்தோம், அந்த ஆண்டு தேர்ச்சி விகிதம் கூடியது, ஆகவே தடை பலித்தது என்பவரிடம் கேட்க வேண்டியதும் அதுவே. அந்த ஆண்டு புதிய கணக்கு ஆசிரியர் வந்தாரா, மாலை வகுப்பு தொடங்கினார்களா, வினாத்தாள் எளிதாக இருந்ததா? ஆவியா, புகையா?

இவ்வளவும் ஆனபின் திட்டம் ஐந்து வாக்கியங்களில் அடங்கிவிடும். எதிராளி சொல்வது: தடை செய்த எல்லா இடத்திலும் படிப்பு மேம்படவில்லை, பெற்றோருக்குப் பிள்ளையோடு இருக்கும் தொடர்பும் அறுந்துபோகிறது. நான் ஒப்புக்கொள்வது: ஆம், நன்றாகப் படிப்பவருக்குத் தடையால் பெரிய லாபம் இல்லை. ஆயினும் கவனச் சிதறலின் இழப்பு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை, ஏனென்றால் வகுப்பில் தவறவிட்டதை வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பெற்றோரின் அச்சம் வழிப்பயணத்தைப் பற்றியது, பாடவேளையைப் பற்றியது இல்லை; காலையில் வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தந்தால் அது தீரும். ஆகவே பத்தாம் வகுப்பு வரை, பள்ளி நேரத்தில் மட்டும், பள்ளியே வாங்கி வைக்கும் தடை. எழுதும்போது கடைசி வாக்கியம் முன்னுரைக்குப் போய்விடும். திருத்துபவர் நம் நிலைப்பாட்டைத் தேடி அலையக் கூடாது. யோசித்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு.

இந்த ஐந்தையும் கட்டியிருக்கும் சொற்களைக் கவனியுங்கள்: ஆம், ஆயினும், ஏனென்றால், ஆகவே. 'மேலும்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலக் கட்டுரைகளில் மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன் என்று பத்திக்கு ஒன்றாகத் தூவச் சொல்லித் தரும் பழக்கம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றுக்கும் பொருள் 'மேலும்' தான். இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் இடம் மாற்றிப் பாருங்கள். கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது பட்டியல், வாதம் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளின் ஐந்து பத்திக் கட்டுரை மீதும் இதே குறைதான் சொல்லப்படுகிறது: முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை, மூன்று காரணங்களும் எந்த வரிசையிலும் நிற்கும். அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஜான் வார்னர் 2018-இல் ஒரு புத்தகமே எழுதினார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பத்திகளின் எண்ணிக்கையால் யாருக்கும் கேடில்லை.

இவ்வளவு நேரம் எதிராளிக்காகப் பரிந்து பேசிவிட்டு, திட்டமே வேண்டாம் என்பவரைக் கூப்பிடாமல் விட்டால் நியாயமாகாது. பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973-இல் எழுதிய புத்தகம் அந்தக் கட்சியின் நல்ல வாதம். என்ன நினைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எழுத உட்காருவது தலைகீழ் வேலை. நிறுத்தாமல், திருத்தாமல் எழுதிக்கொண்டே போனால்தான் என்ன நினைக்கிறோம் என்பதே தெரியும் என்கிறார் அவர். முன்கூட்டித் திட்டமிடுபவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தாண்டிப் போக மாட்டார் என்பது அவர் பக்கத்தில் உள்ள வலுவான வாதம். எழுதிப் பழகிய யாரும் இதை முழுதாக மறுக்க முடியாது. நல்ல யோசனைகள் பல, மூன்றாம் பத்தியில் முட்டி நிற்கும்போதுதான் வருகின்றன.

ஆனால் எல்போவின் முறைக்கு இரண்டாவது, மூன்றாவது பிரதி வேண்டும். 40 நிமிடத் தேர்வில் அது கிடைக்காது. ரொனால்ட் கெல்லாக் என்ற உளவியலாளர் 1988-இல் வெளியிட்ட சோதனைகளில், எழுதுமுன் திட்டமிட்டவர்களின் கட்டுரை மேலாக இருந்தது. யோசிப்பது, அடுக்குவது, வாக்கியம் அமைப்பது என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் கவனம் தாங்காது என்பது அவர் தரும் விளக்கம். நமக்கோ அயல்மொழியில் சொல் தேடும் சுமை வேறு கூடுதலாக இருக்கிறது. அதனால் தேர்வில் முதல் எட்டு நிமிடம் திட்டத்துக்கு என்பேன். அந்த ஐந்து வாக்கியங்களைத் தமிழிலேயே எழுதிக்கொண்டாலும் குற்றமில்லை. வீட்டுப்பாடமாகத் தரும் கட்டுரைக்கு எல்போ சொல்வதே சரி. முதலில் மனம்போல எழுதிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது சொல்வதை ஒரு வாக்கியமாக எழுதி, அந்த வாக்கியங்களை மட்டும் சேர்த்துப் படிக்க வேண்டும். திட்டம் அப்போது பின்னாலிருந்து வரும். எப்படி வந்தாலும் எதிராளி உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டால் சரி.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது பேர் வகுப்பில் நாற்பது கட்டுரையைத் திருத்துவதற்குள் வாரம் ஓடிவிடும். சிவப்பு மையில் பாதி, காலப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும் செலவாகும். நாற்பது திட்டங்களை ஒரு பீரியடில் பார்த்துவிடலாம். முதல் வாக்கியத்தை மட்டும் காலியாக விடச் சொல்லி, திட்டத்தைப் பக்கத்து பெஞ்சுக்கு மாற்றிக் கொடுக்கலாம். எதிர்வாதத்தை அங்கிருப்பவர் எழுதட்டும். நண்பனை மடக்குவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் உற்சாகம் வேறு எதிலும் இருக்காது. திரும்பி வந்த தாளில் அந்த முதல் வரியைப் படித்துவிட்டு, மற்ற நான்கையும் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொள்ள யாரால் முடிகிறது என்று பாருங்கள். கட்டுரையை எழுதச் சொல்வது அடுத்த பீரியடில். அதற்குள் சிலர் அணி மாறியிருப்பார்கள். அவர்களுக்குப் புதிய தாள் கொடுக்க வேண்டியிருக்கும்.